வெள்ளித்தாளுக்குள் பழுப்பு

பெரிய துப்பறிவாளர்களுக்கெல்லாம் முதல் துப்பு பனியில்தான் கிடைக்கும். மொழிபெயர்ப்பு நாவல்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. விடியற்காலை, ஆளில்லாத வீதி, வெள்ளைப் பனியின் மேல் ஒற்றைக் காலடித் தடம். எழில்மதிக்கு வாய்த்தது கள்ளக்குறிச்சியின் கரும்பு லாரிப் புழுதி. அதிலும் தடம் பதியும்தான். அடுத்த லாரி வருவதற்குள் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கச்சிராயபாளையம் சாலையில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது 'எழில் துப்பறியும் நிலையம்'. கடைக்காரர் புதிதாகக் கட்டிய விளம்பரத் தட்டி பலகையில் பாதியை விழுங்கிவிட்டதால், கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு 'நிலையம்' மட்டும் தெரியும். வாரத்துக்கு ஒருவராவது மூச்சிரைக்க ஏறிவந்து இ-சேவை இங்கேதானா என்று கேட்பார்கள். உதவியாளன் அமல், 'இல்லை' என்று சொல்லுவதை எப்போதோ விட்டுவிட்டான். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்து, போட்டோ நல்லா வந்திருக்குது என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் எழில்மதி, செத்ததாகச் சொல்லப்பட்ட மாடு உண்மையிலேயே செத்ததுதானா என்று போய்ப் பார்த்துவரும் இன்சூரன்ஸ் வேலையில் இருந்தாள். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா என்று பார்க்கிறாள். மாடு பொய் சொல்லாது என்பதால் பழைய வேலையே மேல் என்று மாதக் கடைசியில் தோன்றும். மற்ற நாட்களில், ஒரு நாள் தன் மேசைக்கு முன்னால் உண்மையான வழக்கு ஒன்று வந்து உட்காரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அது வந்து உட்கார்ந்தது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு மறையாமல் இருந்தது.

பெயர் மலர்விழி. கச்சிராயபாளையத்துப் பெண், கரும்பு வெட்டும் குடும்பம். நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய துறையில் விசாரணைக் கூட்டம். அதில் அவளைப் பொய்க்காரி என்று முடிவு கட்டி, பதிவை ரத்து செய்து, வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

இன்னா பொய் என்று அமல் கேட்டான். அவள் விளக்கினாள். உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம். சரியான பொருள் ஒன்று போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டால் புரதம் சும்மா ஆகிவிடும், வீக்கம் வடியும். கல்வராயன் மலையில் இருக்கிற செடிகளில் உள்ள பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் அவற்றின் வடிவங்களைக் கணினிக்குக் கொடுத்து, எது அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்வது. அதுதான் அவள் வேலை.

"டவுன் பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு எந்த ஆளு பொருந்துவான்னு, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினே சொல்றது" என்றான் அமல்.

மலர்விழி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முழுவதும் இதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள்.

கணினி ஒரு புதர்ச் செடியைக் காட்டியது. அதன் பெயரைக் கட்டுரை அச்சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதால், அமல் அதற்கு அப்போதே 'வி.ஐ.பி.' என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அந்த இலையில் கொஞ்சம் எடுத்து, தானே சாறிறக்கிச் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். கணினி சொன்னபடியே வேலை செய்தது. துறையே கைதட்டியது. பிறகு பெரிய அளவில் இரண்டாவது முறை அனுப்பவேண்டி வந்தபோது அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கொண்டு போனில் சொல்லச் சொல்ல, கல்லூரியில் மற்றவர்கள் அந்த வேலையைச் செய்து அனுப்பினார்கள். முடிவு வந்தது. சுத்தப் பூஜ்யம். குப்பியில் இருந்ததற்கு எந்தச் சக்தியும் இல்லை.

அப்படியானால் முதல் முறை எப்படி வேலை செய்தது? வலி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் அது துறை முழுக்கச் சுற்றி, கடைசியில் விசாரணைக் கூட்டமாக வந்து நின்றது.

"யாரோ மாத்திட்டாங்க மேடம்" என்றாள் மலர்விழி. "நான் பொய் சொல்லல. கணினி தப்பா சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல, அது தப்பு சொல்லும். ஆனா நான் கலந்தேன்னு சொல்றாங்க. எங்க அப்பா கரும்புச் சோகை வெட்டுன கையோட வந்து என்னைக் காலேஜில சேத்தாரு."

எழில்மதிக்கு உள்ளே எங்கோ பனி பெய்தது. மாற்றப்பட்ட குப்பி, களங்கப்பட்ட பெயர், திங்கட்கிழமைவரை அவகாசம். அவள் நிதானமாக எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நாவல்களில் அப்படித்தான் நிற்பார்கள். ஜன்னலுக்கு வெளியே குழாய்க்கடைத் தட்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் ஆழமாகப் பார்த்தாள்.

*

அன்றே போய்ப் பார்த்த கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் சந்தேகத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர். ஒருவன் தமிழழகன், அதே துறையில் ஆராய்ச்சி செய்யும் இன்னொரு மாணவன், மலர்விழியின் போட்டியாளன். இன்னொருவர் அரங்கநாதன், உதவியாளர். ஐம்பதைத் தாண்டியவர். அம்மை நாட்களில் இலையை ஊறவைத்து, வடிகட்டி, உலர்த்தி, குப்பியில் அடைத்தது அவர்தான்.

அவரை எழில்மதி ஐந்தே நிமிடத்தில் ஒதுக்கிவிட்டாள். தலை குனிந்தே பேசினார், கேட்டதற்கெல்லாம் சொன்ன மாதிரிதாங்க செஞ்சேன் என்றார். இடுப்பு வளையத்தில் கொத்துச் சாவி தொங்கியது. ஒரே ஒரு சாவி மட்டும் அந்த வளையத்தில் இல்லாமல் சுவரில் ஆணியில் தொங்கியதை அவள் கவனித்தாள். இரசாயன அலமாரிச் சாவி. கவனித்ததோடு சரி. கவனிப்பது ஒரு வேலை, யோசிப்பது இன்னொரு வேலை. மாட்டு இன்சூரன்ஸில் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்ததில்லை.

தமிழழகன் வேறு மாதிரி. மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதும் அவன் நெற்றி வியர்த்தது. திறக்க வேண்டாமே என்றான். எழில்மதி அமலைப் பார்த்தாள். அமல் திறந்தான். மேல் தட்டில் வரிசையாகக் குப்பிகள். கீழ்த் தட்டில் ஒரு சில்வர் தூக்கு. அதைத் திறந்ததும் அறை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. சாப்பாட்டை மாதிரிப் பெட்டியில் வைக்கக்கூடாது என்பது கல்லூரியின் கடுமையான விதி. தமிழழகன் வியர்த்தது அதற்காகத்தான்.

சென்னைக்குப் போனதன் ஜோடிக் குப்பி ஒன்று, உலர்த்துமுன் எடுத்துவைத்த சாறோடு, மேல் தட்டில் இருந்தது. வெளிச்சம் படக்கூடாது என்று வெள்ளித்தாளை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சுற்றியபடியே இருந்ததால் அம்மையிலிருந்து எழுந்துவந்த மலர்விழியும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அமல் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிழித்து உள்ளே பார்த்தான்.

"யாரோட டீ இது? ஆறிப்போச்சு" என்றான்.

எழில்மதி அவனை முறைத்தாள். அவள் அப்போது தமிழழகனின் கைரேகை அந்தத் தூக்கின் மேல் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அது அவனுடைய தூக்கு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

தமிழழகன் ஒளித்தது குழம்பைத்தான், குப்பியை மாற்றவில்லை என்றால் இலையையே மாற்றியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்தாள். இலை வந்தது மலையிலிருந்து. ஆகவே மலைக்குப் போக வேண்டும். ஒரு துப்பறிவாளர் மலை ஏறும் காட்சி அவளுக்கு எப்போதுமே பிடிக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைச் சாலையில் ஏறினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அமல், மாலையில் மணலூர்பேட்டையில் தன் பெரியம்மா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று சந்தன நிறத்தில் புதுச் சட்டை போட்டிருந்தான். வளைவுக்கு வளைவு ஸ்கூட்டி முனகியது. இறங்கித் தள்ளட்டுமா, இல்லை ஸ்கூட்டிக்கு ஒரு குளுக்கோஸ் வாங்கித் தரட்டுமா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

மலர்விழிக்கு இலை பறித்துக் கொடுப்பவர் இருசப்பன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே வீடு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வேற தழையப் பறிச்சுக் குடுத்து எனக்கு இன்னாங்க லாபம், இது ஊரெல்லாம் மண்டிக் கிடக்குது, ஆடுகூடச் சீந்தாது என்றார். சரிவுக்குக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டினார். கல்லூரி முத்திரை போட்டு ஒட்டித் தந்திருந்த காய்ந்த இலை மாதிரியோடு எழில்மதி அதை வைத்துப் பார்த்தாள். நரம்புக்கு நரம்பு அதேதான். சாக்கில் மிச்சமிருந்த பழைய இலையும் அதேதான்.

அவளுடைய இரண்டாவது கோட்பாடும் அந்தச் சரிவிலேயே உருண்டு போயிற்று. அதைத் தொடர்ந்து அமலும் உருண்டான். கால் வழுக்கி வி.ஐ.பி. புதரின் மேலேயே போய் விழுந்தான். எழுந்தபோது சந்தனச் சட்டையின் மார்பில் இலைச் சாறு பச்சையாக அப்பியிருந்தது.

இருசப்பன் வீட்டுக் குழாயடியில் அவன் தேய் தேய் என்று தேய்த்தான். தண்ணீர் லேசான பழுப்பாக ஓடியது, பச்சை அசையவில்லை. பெரியம்மா தன்னை நிச்சயதார்த்தப் பந்தலுக்குக் கட்டுகிற தோரணமா என்று கேட்பாள் என்று புலம்பினான். எழில்மதி தன் கைப்பையில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்த சானிடைசர் பாட்டிலை எடுத்து, கைக்குட்டையில் பீய்ச்சிக் கொடுத்தாள். அவன் துடைத்தான். கைக்குட்டை பளீரென்று கிளிப்பச்சை ஆனது.

எழில்மதி அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள்.

தண்ணீரில் பழுப்பு. ஸ்பிரிட்டில் பச்சை.

யாரோட டீ இது?

"அமலு" என்றாள், "மலர்விழி இலையை எதுல ஊறவைக்கணும்னு போன்ல சொன்னா?"

"மெத்தனால்ல. நேத்து நாலு வாட்டி சொல்லிச்சு. நீங்க அப்போ தூக்கைப் பாத்துக்கினு இருந்தீங்க."

மெத்தனாலும் ஒரு வகை ஸ்பிரிட்தான், அதில் ஊறியிருந்தால் குப்பி பச்சையாக இருக்க வேண்டும். அது ஆறிப்போன டீயாக இருந்தது. அதாவது இரண்டாவது முறை இலையைத் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். கணினி தேர்ந்தெடுத்த பொருள், தண்ணீரில் கரையாத அந்தப் பொருள், சக்கையோடு சக்கையாக வெளியே போயிருக்கிறது. சென்னைக்குப் போனது வெறும் கஷாயம். மலர்விழி பொய் சொல்லவில்லை.

நியாயமாக எழில்மதி இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மலைக்காற்று, கையில் பச்சைக் கைக்குட்டை, மனத்தில் படித்த நாவல்கள். அடுத்த கேள்வி தானாக வந்தது. இலையில் ஊற்றாத மெத்தனால் எங்கே போயிற்று? கள்ளக்குறிச்சியில் மெத்தனால் காணாமல் போனால் அது எங்கே போகும் என்று குழந்தைக்கும் தெரியும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துக் கருணாபுரத்தில் தெருத்தெருவாகச் சாவுப் பந்தல் போட்ட அந்த ஜூன் மாதத்தை மறந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. அரங்கநாதன் வீடும் கருணாபுரத்தில்தான். சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று நாளைக்குச் சொல்லலாம் அல்லவா? தலைகுனிந்து பேசுகிற சாதுவான மனிதர். நாவல்களில் அவர்தானே கடைசியில்.

தெரிந்த எஸ்.ஐ. ஒருவருக்கு அங்கேயே நின்று செய்தி அடித்தாள். கல்லூரிப் பெயர், அரங்கநாதன் பெயர், கருணாபுரத்து ஆள், மெத்தனால் திருட்டு. அனுப்பினாள். டவர் இல்லாததால் செய்தி போகாமல், பக்கத்தில் ஒரு கடிகாரப் பொம்மையோடு நின்றது.

இறங்கும் வழி முழுக்க அவள் தன் கோட்பாட்டை விளக்கிக்கொண்டே வந்தாள். பின்னாலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அணை கண்ணில் பட்ட வளைவில் அமல் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"அக்கா, கேனைப் பாத்தீங்களா?"

"எந்தக் கேன்?"

"மெத்தனால் கேன். அதுல எவ்ளோ கம்மியா இருக்குதுன்னு பாத்தீங்களா?" அவன் சட்டையின் பச்சையைப் பார்த்தபடி பேசினான். "கருவாட்டுத் தூக்குல நாம ஏமாந்தா சிரிச்சிட்டுப் போய்டலாம். இந்தப் பேரைப் போலீசுல சொன்னா அப்பால சிரிக்க முடியாது. கருணாபுரத்து ஆளுன்னு வேற எழுதியிருக்கீங்க. அந்தாளு வூட்டு வாசல்ல ஜீப்பு நின்னா, அதுக்கப்பறம் கேன் நெறைய இருந்தா இன்னா, காலியா இருந்தா இன்னா?"

எழில்மதி வண்டியை ஸ்டாண்டில் போட்டாள். பிறகு போனை எடுத்து, கடிகாரப் பொம்மையோடு நின்ற செய்தியை அழித்தாள். அடுத்த வளைவில் டவர் வந்தது. அவள் இதுவரை எழுதிய செய்திகளிலேயே உருப்படியானது அதுதான், போகாததால்.

*

திங்கட்கிழமை காலை, கூட்டத்துக்கு வெகு முன்னதாகவே எல்லோரையும் பரிசோதனைக்கூடத்துக்கு வரச் சொன்னாள். சம்பந்தப்பட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே உண்மையை அவிழ்ப்பது. இந்தக் காட்சிக்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

ஸ்டூல் மூன்றுதான் இருந்தது. ஒன்றில் துப்பறிவாளர் உட்கார்ந்துகொண்டார். மலர்விழியும் தமிழழகனும் மற்ற இரண்டில். அமல் ஜன்னல் கட்டையில் சாய்ந்தான். அரங்கநாதன் எப்போதும் போல நின்றார்.

எழில்மதி குப்பியின் வெள்ளித்தாளை மெதுவாக உரித்தாள். மலர்விழி உள்ளே பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. தண்ணி, என்றாள் மெல்ல. எழில்மதி மலையில் கண்டதைச் சொல்லி, கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். இதுவரை எல்லாம் நாவலில் இருப்பது போலவே நடந்தது.

"அப்படின்னா மெத்தனால் எங்கே?" என்று கேட்டு, அரங்கநாதன் பக்கம் திரும்பினாள். "அலமாரியைத் திறக்கலாமா?"

அவர் மறுக்கவில்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். தோளில் கிடந்த துண்டின் முனையால் பிடித்து எடுத்தார். எடுத்து அமலிடம் நீட்டிவிட்டு, அலமாரிக்கு எதிர்ப்பக்கம் கதவருகே போய் நின்றுகொண்டார்.

அமல் திறந்தான். ஒரு வெள்ளைக் கேன். தூக்கி மேசைமேல் வைத்தான். கனமாக இருந்தது. குலுக்கினான், உள்ளே அலையவே இடமில்லாமல் நிறைந்திருந்தது. மூடியைச் சுற்றிக் கம்பெனி போட்ட சீல் அப்படியே இருந்தது. அதன் மேல் தூசி.

யாரும் திருடவில்லை. யாரும் மாற்றவில்லை. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. கேன் திறக்கப்படவே இல்லை.

எழில்மதி மனத்தில் தயாராக வைத்திருந்த இன்னும் ஆறேழு வாக்கியங்கள் வீணாகிப் போயின. அவற்றில் 'கொலைகாரத் திரவம்' என்றொரு சொல் இருந்தது. அதை நல்லவேளை சொல்லவில்லை என்று அவளுக்கு வாழ்நாள் முழுக்கத் தோன்றும்.

"கை போவலைங்க" என்றார் அரங்கநாதன்.

அமல் கேனிலிருந்து கையை எடுத்தான்.

"என் தம்பி. அந்தச் சாராயத்துல போனவன். ஆசுபத்திரில டாக்டரு சொன்ன பேரு அதுதான். டிவியிலயும் அதே பேரைத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. பழைய பாட்டில்லாம் இந்தப் புள்ளையே எடுத்துப் பொழங்கிடும், நான் தொட்டதில்ல. புது கேன் வந்தப்போ புள்ளைக்கு அம்மை. நீ செஞ்சிடுன்னாங்க. எடுத்து வெச்சேன். மேல அந்தப் பேரு எழுதியிருந்துச்சு. மூடியத் தொறக்க முடியல."

மலர்விழியிடம் சொல்லியிருக்கலாமே என்று தமிழழகன் கேட்டான், குரலில் குற்றம் இல்லாமல்.

"பயப்படறவனுக்கு லேபுல இன்னா வேலைன்னு கேப்பாங்க." அவர் மலர்விழியைப் பார்த்தார். "அதுவுமில்லாம, மருந்துன்னு சொன்னியேம்மா. யாராச்சும் ஒருத்தரு குடிக்கிறதுதானே மருந்து? அதைப் போயி இதுல ஊற வெக்கிறதான்னு இருந்துச்சு. கஷாயம் தண்ணிலதானே போடுவாங்க. நல்ல தண்ணியா, கொதிக்க வெச்சுத்தான் ஊத்துனேன். உன் பேருக்கு இவ்ளோ வரும்னு தெரியாதும்மா."

கடைசியில் அது மருந்தில் இருக்காது என்று மலர்விழி சொன்னாள். சாற்றை இறக்கியதும் உலர்த்திவிடுவோம், எல்லாம் பறந்துவிடும், இலையில் இருந்தது மட்டும்தான் மிஞ்சும்ணா, என்றாள். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மணி பத்தாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று மட்டும் கூட்டத்தில் சொல்கிறேன், யார் என்று சொல்லமாட்டேன் என்றாள் மலர்விழி. அரங்கநாதன் வேண்டாம் என்றார். யாரோ செஞ்சாங்கன்னு சொன்னா, யாரோ கலந்தாங்கன்னு சொன்ன மாதிரியேதான் சுத்தும், நானே வரேன் என்றார்.

இருசப்பன் கொடுத்தனுப்பிய இலை அமலின் பையில் இருந்தது. அதை நொறுக்கி இரண்டு சோதனைக் குழாய்களில் போட்டார்கள். ஒன்றில் தண்ணீர். மற்றதற்காக மலர்விழி கேனை இழுத்து சீலை முறுக்கினாள். தமிழழகன் எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் திறந்து, காற்றாடியைப் போட்டான். அரங்கநாதன் வராந்தாவுக்குப் போய்விட்டார். எழில்மதி அவர் பின்னாலேயே போகலாமா என்று நினைத்து, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தாள். சற்று நேரத்தில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரே கதவு வரைக்கும் திரும்பி வந்தார். அங்கேயே நின்று பார்த்தார்.

ஒரு குழாயில் டீ இறங்கியது. இன்னொன்றில் பச்சை இறங்கியது, அமலின் சட்டை போல.

துறைத் தலைவர் பவுலின் மேடம் கூட்டத்தில் அந்த இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாராம். எழில்மதியை உள்ளே விடவில்லை. வராந்தாவில் காத்திருந்து கேட்டுக்கொண்டதுதான். சென்னை முடிவு தண்ணீர்ச் சாறைப் பற்றியது, மலர்விழியின் கணிப்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை, ஆகவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, புதிதாகச் சாறிறக்கி மறுபடி அனுப்பட்டும் என்று முடிவாயிற்று. அரங்கநாதனிடம் மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினார். அவர் துண்டின் முனையால் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். இனிமேல் இது என்னிடம் இருக்கும் என்று மேடம் சொன்னாராம்.

முதல் முறை பலித்தது மட்டும் போதாது, கணினி சரியாகச் சொன்னதா என்பது இன்னமும் யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த முறை கேள்வியாவது சரியாகக் கேட்கப்படும்.

விடைபெற எழில்மதி பரிசோதனைக்கூடத்துக்குள் வந்தபோது, மலர்விழி கணினியைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் அந்தப் புரதம் சுருள் சுருளாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பள்ளத்தில் சின்னதாக ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் சீட்டு, என்று அமல் காதோரம் சொன்னான். அரங்கநாதன் அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் கண்டுபுடிக்கிறதாம்மா?"

"ஆமாண்ணா. எந்த இலையில இருக்கறது எதுல போய் உக்காரும்னு."

அவர் கொஞ்சம் யோசித்தார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கேன்ல இருக்கறதைக் குடிச்சிட்டவங்களுக்கு ஒரு இலை இருக்குதான்னு இதுகிட்ட கேக்கலாமா?"

மலர்விழி விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

"கேக்கலாம்ணா" என்றாள் அவள் கடைசியில். "கேட்டா இது ஒரு இலையைச் சொல்லும். சொல்றதெல்லாம் நிஜமாயிடாது. பத்துல ஒம்பது தப்பாப் போகும்."

"தப்பாப் போவட்டும்" என்றார் அவர். "கேளு."

அவள் திரையிலிருந்த புரதத்தை மூடினாள். உடம்புக்குள் மெத்தனாலை விஷமாக மாற்றுவது எந்தப் புரதமோ, அதன் பெயரைத் தேடித் தட்டத் தொடங்கினாள். கல்வராயன் மலையின் செடிகள் அத்தனையும் முதலிலிருந்து வரிசையில் வந்து நின்றன.

எழில்மதி தான் காலையில் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி, அவர் பக்கத்தில் போட்டாள். அரங்கநாதன் அதையும் அவளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.